புது கிளட்ச் போட்டும் ரிவர்ஸ் விழவில்லையா? கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: ஆல்டோ கே10, 70,000 கி.மீ. ஓடிய வண்டி. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றி 350 கி.மீ. ஆகிறது. எஞ்சின் அணைந்திருந்தால் எல்லா கியரும் லேசாக விழுகிறது. ஸ்டார்ட் செய்துவிட்டால் ஃபர்ஸ்ட் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்’ என்று பல் உரசுகிறது. கேட்டால், “புது பிளேட் சார், ஓட ஓட செட் ஆயிடும்” என்கிறார் மெக்கானிக். காத்திருக்கலாமா?

வேண்டாம். “செட் ஆகும்” என்பது முழுப் பொய்யும் இல்லை, ஆனால் அது வேறு கோளாறுக்கான பதில். புது பிளேட்டின் முகம் ஃபிளைவீலில் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) முழுதாகப் படிய 300 முதல் 500 கி.மீ. ஆகும். அதுவரை வண்டி எடுக்கும்போது லேசாக உதறலாம், ஏற்றத்தில் கொஞ்சம் தீய்ந்த வாசனை வரலாம். அவை ஓட ஓடக் குறையும். உங்கள் வண்டியில் இருப்பது அதுவல்ல. பெடலை முழுக்க மிதித்தும் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஷெட் பாஷையில் சொன்னால் கிளட்ச் கட் ஆகவில்லை. இது படிவதால் சரியாகாது. சரியாகும் என்று ஓட்டினால் ரிவர்ஸ் கியரின் பற்களும், ஃபர்ஸ்ட், செகண்டில் சுழற்சி வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகளும்தான் தேயும்.

கிளட்ச் எவ்வளவு நுணுக்கமான இடைவெளியில் வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கும். கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலில் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் தள்ளி அந்தப் பிடியை விடுவிக்கும். சின்ன காரில் பெடல் ஏறக்குறைய 130, 140 மி.மீ. கீழே போகிறது. மறுமுனையில் ரிலீஸ் பேரிங் நகர்வது 8 முதல் 10 மி.மீ. தான். அதில் பிரஷர் பிளேட் பின்வாங்குவது ஒன்றரை மி.மீ. அளவு. அதிலும் ஒரு பங்கை, பிளேட்டுக்குள் இருக்கும் குஷன் ஸ்பிரிங் விரிந்து தின்றுவிடும். கடைசியில் பிளேட்டின் இரண்டு பக்கமும் கிடைக்கும் இடைவெளி பக்கத்துக்கு அரை மி.மீ. கூட வராது. ஒரு விசிட்டிங் கார்டு நுழையும், அவ்வளவே. இந்த வரிசையில் எங்கே 2 மி.மீ. வீணானாலும் கிளட்ச் கட் ஆகாது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: மிதிக்கும் தூரம் பேரிங் வரை முழுதாகப் போய்ச் சேருகிறதா? சேரவில்லை என்றால் கோளாறு வெளியே. கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். சேர்ந்தும் கட் ஆகவில்லை என்றால் உள்ளே.

முதலில் கோளாறு கிளட்ச்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் விட்டு, நியூட்ரலில் பெடலை முழுக்க மிதித்து, 5 விநாடி அப்படியே பிடித்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் ரிவர்சுக்கு சிங்க்ரோ கிடையாது. மிதித்த கணமே போட்டால் நல்ல கிளட்ச் உள்ள வண்டியிலும் உரசும், அதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. 5 விநாடி கழித்தும் உரசினால் கட் ஆகவில்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனை: சமதரையில் ஃபுட் பிரேக்கை நன்றாக மிதித்தபடி, கிளட்சையும் முழுக்க மிதித்து ஃபர்ஸ்ட் போடுங்கள். எஞ்சின் சத்தம் இறங்கினாலோ, வண்டி முன்னே போகத் துடித்தாலோ அதே முடிவு. எஞ்சின் அணைந்திருக்கும்போதே கியர் கடினமாக விழும் வண்டிகளில் மட்டும் கதை வேறு. அங்கே கியர்பாக்ஸை இறக்கியபோது கழற்றிய கியர் ஷிஃப்ட் கேபிளோ ராடோ சரியாகப் பூட்டப்படவில்லையா என்று பாருங்கள். உங்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

அடுத்து, காசு செலவில்லாத ஒன்று. காலடி மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். இப்போது எல்லோரும் போடும் தடித்த 7டி மேட் பெடலுக்கு அடியில் மடிந்து 10, 15 மி.மீ. தூரத்தைத் தின்கிறது. பழைய கிளட்சில் பிடிக்கும் இடம் மேலே இருந்ததால் அது தெரிந்திருக்காது. சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்காகவே கியர்பாக்ஸ் இறக்கிய வண்டிகள் உண்டு.

மேட் இல்லை என்றால் பானெட்டைத் திறங்கள். ஆல்டோவில் கிளட்ச் கேபிள்தான், ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்குவது) இல்லை. கேபிள் பெடலிலிருந்து வந்து கியர்பாக்ஸின் மேல் உள்ள ரிலீஸ் ஆர்மில் மாட்டும். அதன் நுனியில் அட்ஜஸ்ட் செய்யும் நட்டு இருக்கும். ஆர்மைக் கையால் கேபிள் இழுக்கும் திசையில் அசைத்துப் பாருங்கள். பேரிங் போய் முட்டும் வரை ஆர்ம் நுனி லேசாக ஆட வேண்டும். சுசுகியின் சின்ன வண்டிகளுக்கு இந்த ஆட்டம் 2 முதல் 4 மி.மீ. ஸ்கேலை வைத்து அளங்கள், கண்ணளவு வேண்டாம்.

அங்கே 8, 10 மி.மீ. ஆடினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இது புது கிளட்ச் போட்ட கேபிள் வண்டிகளில் மிகச் சாதாரணம், காரணமும் எளிது. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃபிளைவீல் பக்கம் நெருங்கும். அதன் டயாஃப்ரம் விரல்களோ (பேரிங் வந்து தள்ளும் ஸ்பிரிங் நுனிகள்) எதிர்ப்பக்கமாக, கியர்பாக்ஸை நோக்கி வெளியே வரும். 1 மி.மீ. தேய்மானம் விரல் நுனியில் 3, 4 மி.மீ. ஆகப் பெருகும். அதனால் ஆர்மின் அந்த ஆட்டம் (ஃப்ரீ பிளே) குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு சர்வீசிலும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வந்திருப்பார்கள். புது பிளேட் போட்டதும் விரல்கள் பழையபடி உள்ளே போய்விட்டன. நட்டு மட்டும் பழைய பிளேட்டுக்கு வைத்த இடத்திலேயே நிற்கிறது. பெடல் மிதியில் பாதி அந்தத் தொய்வை இழுப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

நட்டை முறுக்கி 2 முதல் 4 மி.மீ. வரும்படி வைத்து, பெடலை 10 முறை முழுக்க மிதித்து விட்டு, மறுபடி அளங்கள். கேபிளின் வெளியுறை சாக்கெட்டில் உட்கார்ந்து தூரம் கொஞ்சம் மாறியிருக்கும். ஆட்டமே இல்லாமல் வைக்காதீர்கள். கியர் விழுகிறதே என்ற சந்தோஷத்தில் நட்டை இழுத்துக் கட்டினால் பேரிங் எந்நேரமும் விரல்களை அழுத்திக்கொண்டு சுழலும். பேரிங் சீக்கிரம் போகும், பிளேட் வழுக்கும், சில ஆயிரம் கி.மீ.யில் இன்னொரு செட் வாங்க வேண்டிவரும். புது பிளேட் முதல் 1,000 கி.மீ.யில் கொஞ்சம் படிவதால் அப்போது ஒருமுறை ஆட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டை முழுக்க முறுக்கியும் ஆட்டம் அதிகமாகவே இருக்கிறதா? அப்படியானால் ரிலீஸ் ஆர்மைப் பாருங்கள். அது ரிலீஸ் ஷாஃப்டின் பற்களில் மாட்டி ஒரு போல்ட்டால் இறுக்கப்படுவது. ஆர்மிலும் ஷாஃப்டிலும் ஒரு பஞ்ச் புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஷாஃப்ட் புஷ்ஷை மாற்றக் கழற்றிவிட்டு ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் ஆர்ம் தவறான கோணத்தில் நிற்கும். நட்டால் அதை ஈடுகட்ட முடியாது. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். புஷ் தேய்ந்து கடகடத்தால் கேபிள் இழுக்கும் தூரத்தில் ஒரு பகுதி அதிலேயே போகும்.

கேபிளை மாற்றினார்களா என்று கேளுங்கள். 70,000 கி.மீ. ஓடிய கேபிளைப் புது செட்டோடு மாற்றாமல் விடுவது தவறான சிக்கனம். ஒருவரைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லி, நீங்கள் கேபிளின் வெளியுறையை கவனியுங்கள். உறை வளைந்து நெளிந்தாலோ, அது உட்காரும் பிராக்கெட் அசைந்தாலோ அந்த அசைவு முழுவதும் பேரிங்குக்குப் போகாத தூரம். பெடல் அடியில் பிராக்கெட் வெல்டு விட்டிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேபிள் கடினமாகிவிட்டது, மிதித்தால் கரகரக்கிறது என்றால் இன்னொரு இடமும் உண்டு. கியர்பாக்ஸை இறக்கும்போது பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள எர்த் வயரைக் கழற்றுவார்கள். ஏற்றிய பிறகு அதை மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாடிக்குத் திரும்ப வேறு வழி தேடும். கிளட்ச் கேபிளின் எஃகுக் கம்பிதான் அதற்குக் கிடைக்கும் வழி. கம்பி சூடேறி உள்ளே உள்ள பிளாஸ்டிக் லைனர் உருகி ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது இழுவை மந்தமாகவும், கேபிள் தொட்டால் சூடாகவும் இருந்தால் இதுதான். எர்த்தை மாட்டாமல் புது கேபிள் போட்டால் அதுவும் போகும்.

இதே சிக்கலோடு ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே முதல் சந்தேகம் லைனில் ஏர். பெடலை வேகமாக மூன்று நான்கு முறை பம்ப் செய்து, கடைசி மிதியைப் பிடித்தபடி கியர் போடுங்கள். அப்போது மட்டும் கியர் சுலபமாக விழுந்தால் ஏர் இருக்கிறது, அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கிறது. பம்ப் செய்தும் மாற்றமே இல்லை என்றால் ஒருவரை மிதிக்கச் சொல்லி, கியர்பாக்ஸ் பக்கம் ஆர்மைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் அளங்கள். பல சின்ன கார்களில் 12 மி.மீ.க்குக் கீழே வந்தால் அது போதாது. உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஏர் எடுப்பதிலும் அவசரம்தான் கெடுக்கிறது. ஸ்லேவை போல்ட்டோடு கழற்றித் தொங்கவிட்டிருக்கும்போது யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து ஏர் புகுந்துவிடும். ஸ்லேவை மாட்டிய பிறகு திரவ டப்பாவின் மூடியில் எந்த டாட் (DOT) எண் போட்டிருக்கிறதோ அதே திரவத்தை, புது டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்ச் குழாய் அதன் மேல்மட்டத்தில் இருக்கும், அளவு கொஞ்சம் இறங்கினாலே கிளட்ச் ஏர் இழுத்துக்கொள்ளும். ஸ்லேவில் ஏர் வெளியேற்ற இருக்கும் ப்ளீடர் நிப்பிளில் வெளிப்படையான குழாயை மாட்டி, அதன் நுனியைத் திரவத்தில் மூழ்க வைத்து, நிப்பிளைத் திறந்து 10 நிமிடம் தானாகச் சொட்ட விடுங்கள். பிறகு மெதுவாக மிதி, திற, மூடு, விடு. 10, 15 முறைக்குள் குமிழி நிற்க வேண்டும். ஸ்லேவும் பேரிங்கும் ஒன்றாகக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வண்டிகளில் ஏர் எடுக்கும்போது வேகமாக பம்ப் செய்யவே கூடாது. உள்ளே சீல் திரும்பிவிட்டால் அதற்காக மறுபடி கியர்பாக்ஸ் இறங்கும். அங்கே 50 மி.லி. சிரிஞ்சால் கீழிருந்து மேலே தள்ளுவதே பாதுகாப்பு. எக்காரணம் கொண்டும் எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஜாக் ஆயிலோ ஊற்றக் கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஆர்ம் முழு தூரம் போயும் கிளட்ச் கட் ஆகவில்லை என்றால் கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தடயங்கள் துடைக்கப்படுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதே முதல் பார்வை. பிளேட்டின் நடுப்பகுதி இரு பக்கமும் ஒன்றல்ல. டேம்பர் ஸ்பிரிங்குகள் துருத்தி நிற்கும் பக்கம் பொதுவாகக் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் எது என்று பிளேட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். திருப்பி மாட்டினால் நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட் தலைகளில் உரசும், அங்கே பளபளவென்று வட்டக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு இருந்தால் வாதம் முடிந்தது.

அடுத்தது வளைந்த பிளேட். என் கணிப்பில் தெருவோர ஷெட்டுகளில் நடக்கும் தவறுகளில் பாதி இதுதான். கியர்பாக்ஸ் ஜாக் இல்லாமல், ஒருவர் கீழே படுத்து நெஞ்சிலும் கையிலும் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மேலிருந்து தள்ளுவார். இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) பிளேட் நடுவே உள்ள ஸ்ப்ளைன் பற்களில் பாதி நுழைந்த நேரத்தில் கை வலித்து கொஞ்சம் விட்டால், 25, 30 கிலோ எடை முழுவதும் அந்த ஷாஃப்ட் வழியாக பிளேட்டில் தொங்கும். பிளேட் ஒரு மி.மீ. கோணினாலும் மேலே சொன்ன விசிட்டிங் கார்டு இடைவெளி காணாமல் போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லேத்தில் அல்லது இன்புட் ஷாஃப்டிலேயே பிளேட்டை மாட்டிச் சுழற்றி, ஓரத்தில் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரியும். 0.8 மி.மீ.க்கு மேல் ஆடினால் பிளேட் குப்பைக்கு. தட்டி நிமிர்த்திப் போடுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிளேட்டை இன்புட் ஷாஃப்டில் கையால் நகர்த்திப் பாருங்கள். சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். துரு பிடித்த ஸ்ப்ளைனிலும், வேறு ஆண்டு மாடலின் பிளேட்டிலும் அது சிக்கும். சிக்கினால் பெடலை முழுக்க மிதித்தாலும் பிளேட் ஃபிளைவீலை விட்டு நகராது. துருவைத் தேய்த்து எடுத்து அரிசி அளவு கிரீஸை ஸ்ப்ளைனில் தடவி, பிளேட்டை இரண்டு முறை ஓட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். தாராள மனது இங்கே வேண்டாம். மிஞ்சிய கிரீஸ் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் படியும், பிறகு கிளட்ச் வழுக்கும்.

ஃபிளைவீல் நடுவே இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் சின்ன பேரிங் சுசுகி எஞ்சின்கள் பலவற்றில் உண்டு. விரலை விட்டுச் சுழற்றுங்கள். சொரசொரப்பாகவோ இறுகியோ இருந்தால், கிளட்ச் நன்றாகக் கட் ஆகியும் இந்தப் பேரிங்கே ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். செட் வாங்கும்போது இது பெட்டியில் வராது, அதனால் மறந்துபோகும்.

ஃபிளைவீலை லேத்தில் ஃபேசிங் செய்தார்களா என்று கேளுங்கள். பிளேட் உரசும் முகத்தை மட்டும் சீவி, பிரஷர் பிளேட் போல்ட் அமரும் விளிம்பை அப்படியே விட்டால், முகமும் விளிம்பும் வேறு வேறு உயரத்தில் இருக்கும் படிக்கட்டு வைத்த ஃபிளைவீல்களில் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கும். விளிம்பையும் அதே அளவு சீவ வேண்டும். டீசல் கார்கள் சிலவற்றில் உள்ள இரட்டை ஃபிளைவீலை லேத்தில் ஏற்றவே கூடாது.

திரும்பப் பூட்டும்போது: புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதையும் ஃபிளைவீலையும் பிரேக் கிளீனரால் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் பூட்டுங்கள். பிளேட்டை அலைன்மென்ட் டூல் வைத்து நடுவில் நிறுத்துங்கள். ஆறு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று வீதம் இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். ஒரு பக்கத்தை முதலில் முழுக்க இறுக்கினால் கவர் கோணி, விரல்கள் ஏறுக்கு மாறாக நிற்கும், உதறல் நிரந்தரமாகும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராக வைக்கும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் இன்புட் ஷாஃப்ட் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் விலை சொற்பம். கசிந்தால் போவது ஒரு முழு செட்.

கியர் ஆயிலையும் விட்டுவிடாதீர்கள். ஆக்சில் உருவும்போது ஆயில் வடிந்துவிடும். அளவு குறைவாக ஊற்றினாலும், ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தரத்தை ஊற்றினாலும் சிங்க்ரோ சரியாகப் பிடிக்காமல் கியர் கடினமாகும். பழி கிளட்ச் மேல் விழும்.

கட் ஆகாத கோளாறு இல்லாமல் வேறு சத்தமோ உதறலோ வந்தால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டதும் நியூட்ரலில் உறுமி, மிதித்தால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். உதறல் 500 கி.மீ. தாண்டியும் குறையவில்லை என்றால் கிளட்சைச் சந்தேகிக்கும் முன், இறக்கும்போது கழற்றிய எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது: கேபிளில் ஆட்டமே இல்லையா, லைனிங்கில் எண்ணெயா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு என் பந்தயம் கேபிள் நட்டின் மேல்தான். மேட்டை எடுத்து, ஆர்ம் ஆட்டத்தை அளந்து சொல்லுங்கள். அதுவரை ரிவர்ஸ் போட வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் நன்றாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை மறந்தால் வண்டி தானாகப் பின்னால் போகும். பின்னால் சுவரோ ஆளோ இருக்கும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்.